பொறுப்பு கவர்னரும் பொறுப்பு டீச்சரும்

 

இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். மணி அடித்த பிறகும் "இந்த ஒரு கணக்கை முடிச்சிட்டுப் போவோம்" என்று உங்களை உட்கார வைத்தவள்தானே நான். இதுவும் ஒரு கணக்குதான். 27 வருடமாக நான் முடிக்காமல் வைத்திருந்த கணக்கு.

போன மாதம் என் அண்ணன் மகள் ஒரு வாரம் வந்து தங்கினாள். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறாள். நான் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, கவர்னர் லீவுல போயிட்டா, இல்லன்னா இறந்துட்டா, அவருக்குப் பதிலா ஒருத்தரு பொறுப்பா இருப்பாருல்லா? அவருக்குப் பாதிச் சம்பளமா, முழுச் சம்பளமா?"

"எனக்கு எங்கட்டி தெரியும்? நான் அஞ்சாங்கிளாஸ் டீச்சர். புத்தகத்தைக் கொண்டா, பாப்போம்" என்றேன்.

அரசியல் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையைப் பிரித்தோம். அதில் தெளிவாக இருக்கிறது. கவர்னரின் வேலையை வேறொருவர் பார்க்கும்போது, அந்தக் காலத்துக்கு அவருக்கும் அதே ஊதியம், அதே படிகள், அதே சலுகைகள். பாதி, முக்கால் என்ற பேச்சே கிடையாது. ஜனாதிபதிக்குப் பதிலாகப் பொறுப்பு வகிப்பவருக்கும் அதே கதைதான்.

அவள் குறிப்பு எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் வெங்காயத்தில் கை ஓடவில்லை. "அதே படிகள்" என்ற இரண்டு சொல் என்னை 1996க்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. அந்தக் கதைக்கு வருமுன், இரண்டு வாரமாக நான் தேடித் தேடிப் படித்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய பழக்கம், பாடம் நடத்தாமல் கதைக்குப் போக வராது.

கவர்னருக்குச் சம்பளம் போக விருந்துக்கென்றே ஒரு படி உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சம்ப்ச்சுவரி அலவன்ஸ் என்பார்கள். நாம் விருந்துப்படி என்று வைத்துக்கொள்வோம். ஏன் அப்படி ஒரு படி? கவர்னர் வீட்டுக்கு விருந்தாளி வந்துகொண்டே இருப்பார்கள். சமஸ்தான ராஜா வருவார், ஜமீன்தார் வருவார், நீதிபதி வருவார், லண்டனிலிருந்து கப்பலில் ஒரு பிரபு வந்து இறங்குவார். அரசர் பிறந்தநாளுக்கு விருந்து வைக்க வேண்டும். கோடையில் ஊட்டிக்குப் போனாலும் அங்கேயும் விருந்து. அந்தச் செலவையெல்லாம் சொந்தச் சம்பளத்தில் செய் என்றால், மனிதன் ஒன்று கஞ்சனாவான், இல்லை கை நீட்டுவான்.

கை நீட்டிய காலமும் இருந்தது. கம்பெனி ஆட்கள் வாங்கிய அன்பளிப்புகளின் கதை நாறிப்போனதால்தான் 1773ல் லண்டன் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. நாம் ஒழுங்குமுறைச் சட்டம் என்று படிப்போமே, அதுதான். கவர்னர் ஜெனரலுக்கு வருடம் 25,000 பவுண்ட் சம்பளம். யாரிடமும் அன்பளிப்பு வாங்கக் கூடாது. நிறையக் கொடுத்துவிடுகிறோம், வாங்காதே என்ற ஏற்பாடு.

1935ஆம் வருடத்து இந்திய அரசுச் சட்டத்தில் இன்னும் துல்லியம். வைஸ்ராய்க்கு வருடம் 2,50,800 ரூபாய். சென்னை, பம்பாய், வங்காளம், ஐக்கிய மாகாணக் கவர்னர்களுக்கு 1,20,000. பஞ்சாபுக்கும் பீகாருக்கும் ஒரு லட்சம். மத்திய மாகாணத்துக்கு 72,000. ஒரிசா, சிந்து, அசாம், எல்லைப்புற மாகாணம் என்றால் 66,000. இது சம்பளம் மட்டும். இதற்கு மேல் படிகள். அந்தப் படிகள் எதற்கு என்று சட்டமே காரணம் சொல்கிறது: பதவியின் கடமைகளை வசதியாகவும் கண்ணியத்தோடும் செய்வதற்கு.

கண்ணியத்தோடு. அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரூபாய் எவ்வளவு பெரிது என்று தெரிய ஓர் ஒப்பீடு. 1937ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானபோது காங்கிரஸ் மந்திரிகள் வாங்கிய சம்பளம் மாதம் 500 ரூபாய். 1931ல் கராச்சி காங்கிரசில் போட்ட தீர்மானம் அது. கவர்னருக்கு மாதம் 10,000. இருபது மந்திரிச் சம்பளம் ஒரு கவர்னர் சம்பளம்.

இனி பொறுப்புக்காரர்கள் கதை. இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஒரு நாற்காலி காலியானால் வரிசையாக எத்தனை நாற்காலி நகர்கிறது பாருங்கள்.

1872ல் அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபுவைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபு பொறுப்பு வைஸ்ராயாகக் கல்கத்தா போனார். சென்னையில் அர்பத்நாட் பொறுப்புக் கவர்னர். 1904ல் கர்சன் ஊருக்குப் போனார், சென்னைக் கவர்னர் ஆம்ப்டில் அந்த இடத்துக்குப் போனார், இங்கே தாம்சன் உட்கார்ந்தார். 1934ல் வெலிங்டன் லீவில் போனார், சென்னைக் கவர்னர் ஸ்டான்லி வைஸ்ராய் பொறுப்புக்குப் போனார். அப்போது சென்னையில் கவர்னர் பொறுப்பில் உட்கார்ந்தது யார் தெரியுமா? சர் முகமது உஸ்மான். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். மே முதல் ஆகஸ்ட் வரை மூன்று மாதம்.

இரண்டு வருடம் கழித்து எர்ஸ்கின் பிரபு லீவில் போனபோது, 1936 ஜூன் முதல் அக்டோபர் வரை கே.வி. ரெட்டி நாயுடு. இவர் பாவம், பொறுப்புக்கென்றே பிறந்தவர் போல. 1937 ஏப்ரலில் காங்கிரஸ் ஆட்சி அமைக்க மறுத்தபோது இடைக்காலப் பிரதமராகவும் இவரையே உட்கார வைத்தார்கள். ஜூலையில் ராஜாஜி வந்ததும் எழுந்துகொண்டார்.

அந்த ராஜாஜியும் பொறுப்பு பார்த்தவர்தான். 1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன், இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கு லண்டன் போனார். வங்காளக் கவர்னராக இருந்த ராஜாஜி இரண்டு வாரம் பொறுப்புக் கவர்னர் ஜெனரல். நமக்குச் சுதந்திரம் வந்த பிறகும் இது தொடர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகள் பி.வி. ராஜமன்னாரும், கம்பன் அன்பர் மு.மு. இஸ்மாயிலும் கவர்னர் பொறுப்பில் இருந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கெல்லாம் நாற்காலியோடு மேசையும் வந்தது. ஏனென்றால் விருந்தாளி ஆளைப் பார்த்து வருவதில்லை. நாற்காலியைப் பார்த்து வருகிறார். உட்கார்ந்திருப்பவர் மூன்று மாதக்காரரா ஐந்து வருடக்காரரா என்று அவருக்குக் கவலை இல்லை. அரசியல் சட்டம் எழுதியவர்களும் இதைப் புரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். கவர்னர் சம்பளத்தை 10,000லிருந்து 5,500க்கு இறக்கினார்கள். ஆனால் படிகளைப் பற்றி எழுதும்போது, சட்டம் அமலுக்கு வருமுன் என்ன கொடுக்கப்பட்டதோ அதுவே தொடரும் என்று விட்டுவிட்டார்கள். சம்பளம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்தது, விருந்துப்படி அப்படியே நின்றது. 1982ல்தான் பார்லிமெண்ட் கவர்னர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இது சரியா தப்பா என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய நாற்காலி விஷயத்தில் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அந்தக் காசு யாருடையது என்பது வேறு கேள்வி. சென்னையில் ராஜாஜி ஹால் பார்த்திருப்பீர்கள். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் உடல்களை மக்கள் பார்வைக்கு வைத்த இடம். அது கட்டும்போது அதன் பெயரே விருந்து மண்டபம். இளைய கிளைவ் பிரபு கவர்னராக இருந்தபோது, சீரங்கப்பட்டணத்தில் திப்புவை வென்றதைக் கொண்டாட 1802ல் கட்டி முடித்தார்கள். அதே கிளைவ் கவர்னராக இருந்தபோதுதான் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தரைமட்டமாக்கினார்கள். இங்கே கோட்டை இடிந்துகொண்டிருந்தபோது அங்கே விருந்து மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. ரெண்டு ஊருக்கும் வரி வசூல் ஒரே கஜானாவுக்குத்தான். நம் தாமிரபரணி நஞ்சையில் வாங்கிய தீர்வையில் ஒரு கரண்டி அந்தப் பந்தியிலும் பரிமாறப்பட்டிருக்கும்.

சரி, பாடம் முடிந்தது. இனி 1996.

ஏரலுக்கு அக்கரையில் நான் வேலை பார்த்த பள்ளி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், மழை பெய்தால் நான்காம் வகுப்பு ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வருடம் மே மாதம் தலைமையாசிரியர் ஓய்வுபெற்றார். அடுத்தவரைப் போடவில்லை. இருந்த இரண்டு பேரில் நான் மூத்தவள் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்தது. "ரெண்டு மாசம் பாத்துக்கிடுங்க டீச்சர்" என்றார்கள். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆனது.

பொறுப்புக்கென்று எனக்குத் தனியாக ஒரு பைசா வரவில்லை. அதுகூடப் பெரிதில்லை. வந்தது வேறு. விருந்தாளிகள்.

ஆண்டாய்வு என்றால் இரண்டு பேர் வருவார்கள், கூட ஜீப் ஓட்டுபவர் ஒருவர். சொட்டு மருந்து போட வருவார்கள். மக்கள் கணக்கெடுக்க வருவார்கள். தேர்தலுக்குப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வருவார்கள். சத்துணவைப் பார்க்க வருவார்கள். எல்லாரும் வெயிலில் வருகிறார்கள். வந்தவருக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்ப நம் ஊரில் யாருக்கு மனம் வரும்? பெரிய சார் இருந்தபோது டீயும் வடையும் கலரும் வந்த இடத்தில், பொம்பளை பொறுப்பில் இருக்கிறாள், ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம் எனக்கு. கண்ணியத்தோடு என்று 1935 சட்டம் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது.

வந்தவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அதில் நல்லவர்கள் உண்டு. ஒருவர் வடைக்குக் காசு எடுத்துக் கொடுத்தார், நான்தான் வாங்க மறுத்தேன்.

பள்ளிக்குச் சில்லறைச் செலவுக்கென்று வருடத்துக்கு வருகிற பணம் சாக்பீஸுக்கும் பதிவேட்டுக்குமே பற்றாது. எனக்குக் கைக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். வீட்டில் மாமியாருக்கு வைத்தியம், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் படிப்பு. அதனால் நான் செய்தது என்ன? பஸ் நிறுத்தத்துப் பக்கம் இருந்த டீக்கடையில் கணக்கு வைத்தேன்.

உங்களுக்கு அந்தக் கடை நினைவிருக்கும். தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு பெஞ்ச், பித்தளை பாய்லர். அண்ணாச்சி தோளில் சிவப்புத் துண்டோடு நிற்பார். டீ ஒன்றரை ரூபாய், ஆமவடை ஒரு ரூபாய். ஜீப் சத்தம் கேட்டதும் நான் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்குவாளியோடு அனுப்புவேன். "அஞ்சு டீ, அஞ்சு வடை, எழுதிக்கிடச் சொல்லு." பெரும்பாலும் அண்ணாச்சி மகளைத்தான் அனுப்புவேன். ஐந்தாம் வகுப்பு. அவள் கடைதானே, பாதையும் தெரியும், டீயைச் சிந்தாமல் கொண்டுவருவாள் என்று. பெருக்கல் வாய்ப்பாடு 16 வரை தலைகீழாகச் சொல்வாள். நான் பாடம் எடுக்கும்போது பாதியில் எழுந்து போய் டீ வாங்கி வந்தவள் அவள்தான்.

முதல் ஒரு வருடம் சம்பளத் தேதியில் ஒழுங்காகக் கொடுத்தேன். பிறகு பாதி கொடுத்தேன். பிறகு "அடுத்த மாசம் அண்ணாச்சி" என்றேன். "இருக்கட்டும் டீச்சர், எங்க போயிரப் போறிய" என்பார். 1998 ஆகஸ்டில் புதுத் தலைமையாசிரியர் வந்தார். அடுத்த மாதமே எனக்கு வேறு பள்ளிக்கு மாறுதல். என் நோட்டில் பாக்கி 386 ரூபாய் 50 காசு. கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். போகவில்லை. பிறகு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

2023 டிசம்பர் வெள்ளம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது, ஏரல் பாலத்தையே அறுத்துவிட்டுப் போனது. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு சேறு அள்ளினோம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த என் பழைய டைரி, பயிற்சிப் பள்ளி நோட்டு, குழுப் படங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. உங்கள் முகங்கள் பாதி அதோடு போயின. ஒரு சின்ன நோட்டு மட்டும் பிளாஸ்டிக் பைக்குள் தப்பிக் கிடந்தது. வெயிலில் காயவைத்துப் பிரித்தேன். டீக்கடைக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் 386.50, கீழே இரண்டு கோடு.

ஆற்றுக்கு எதை விட்டுவைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்து, அந்த நோட்டைத் திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டேன். அண்ணாச்சி இறந்து பல வருடம் ஆகிவிட்டது, கடையும் இல்லை, இனி யாரிடம் கொடுப்பது என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

அண்ணன் மகள் அந்தச் சட்டத்தை வாசித்தபோது அந்தச் சமாதானம் உடைந்தது. மூன்று மாதம் உட்கார்ந்த உஸ்மானுக்கும் நான்கு மாதம் உட்கார்ந்த ரெட்டி நாயுடுவுக்கும் விருந்துச் செலவு கஜானாவில் இருந்தது. என் பள்ளிக்கு வந்த விருந்தாளிகளுக்கு யார் கஜானா? நான் இத்தனை வருடம் "என் கைக்காசைப் போட்டு ஸ்கூல் நடத்தினேன்" என்று சொந்தக்காரர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். முழுக் கைக்காசும் என்னுடையது இல்லை. கடைசிப் பங்கு அண்ணாச்சியுடையது.

அவளிடம் சொன்னேன். அவள் உடனே கணக்குப் போட்டாள். "அப்போ டீ ஒன்றரை, இப்போ 12. எட்டு மடங்கு. 3,092 வருது அத்தை." 3,100 ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை போனேன். போகும் வழியில் சேர்மன் சாமி கோவிலில் இறங்கிக் கும்பிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பதவிப் பெயரே சாமி பெயராக நிற்கிறது. 1906ல் ஏரல் சேர்மனாக வந்து, இரண்டு வருடம்கூட முழுதாக முடியாமல் 1908 ஆடி அமாவாசையில் 28 வயதில் மறைந்தவர். அந்த இரண்டு வருடப் பொறுப்பை ஊர் நூறு வருடத்துக்கு மேலாக மறக்கவில்லை. என் இரண்டு வருடப் பொறுப்பையும் ஒரு வீடு மறக்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.

வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை. மகள்தான் நடத்துகிறாள். அண்ணாச்சி வீட்டம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க டீச்சர். இந்த வெயில்ல வந்திருக்கிய. ஏட்டி, டீச்சருக்கு டீ போடு."

நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல டீ வந்துவிட்டது. அதைக் குடித்துக்கொண்டேதான் நோட்டைக் காட்டினேன். கவரை எடுத்து வைத்தேன். அந்த அம்மா அழவும் இல்லை, வேண்டாம் என்று தள்ளவும் இல்லை. எண்ணிப் பார்த்து இடுப்பில் சொருகிக்கொண்டார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு சொன்னார்.

"அவிய ஒரு நோட்டு வச்சிருந்தாவ டீச்சர். சர்க்கார் பத்துன்னு பேரு. அதுல உங்க ஸ்கூல் ஒரு பக்கம். அந்த ஆபீஸ் ஒரு பக்கம், இந்த ஆபீஸ் ஒரு பக்கம். யாருக்காவது பெரிய ஆளு வந்தா நம்ம கடைலதான டீ. எல்லாரும் நல்லவியதான். மாத்திப் போயிருவாவ, அடுத்தாள் வந்து, அது முந்தின ஆள் கணக்குன்னுருவாவ. கடையை மூடும்போது அந்த நோட்டுல பதினோராயிரத்துக்கு மேல இருந்துச்சு. பால்காரருக்கு நாங்க குடுக்க வேண்டியதும் கிட்டத்தட்ட அம்புட்டுதான். அந்த வருசந்தான் இவ படிப்பை ஒம்பதோட நிப்பாட்டுனோம்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"உங்க காசாலன்னு சொல்லல டீச்சர். உங்களுது அதுல கொஞ்சந்தான்" என்றார்.

நாற்காலியில் ஆள் மாறும்போதெல்லாம் கவர்னர் மாளிகையில் கணக்கு தொடர்ந்தது. எங்கள் நாற்காலிகளில் ஆள் மாறும்போதெல்லாம் கணக்கு அறுந்தது. அறுந்த எல்லாக் கணக்கும் ஒரு பந்தல் கடையின் நோட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கரையில் இருந்த அத்தனை சர்க்கார் நாற்காலிக்கும் விருந்துப்படி கொடுத்தது அண்ணாச்சிதான்.

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். கையில் மாவு. அவளுக்கு இப்போது நாற்பதுக்குப் பக்கம். ஏதோ சொல்ல நினைத்துத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

"டீச்சர், நீங்க 'எழுதிக்கிடச் சொல்லு'ன்னு அனுப்புவியல்லா. நான் பல நாள் அப்பாட்ட சொல்லல. அப்பா கல்லால இல்லாத நேரம் பாத்து அம்மாட்ட வாங்கிட்டு வந்துருவேன். கணக்கு ரொம்ப ஏறி, அப்பா உங்ககிட்ட காசு கேட்டு, நீங்க எம்மேல கோவப்பட்டுருவியளோன்னு பயம். அதனால உங்க நோட்டுல இருக்கிறது சரியா இருக்கும். அப்பா நோட்டுலதான் குறைச்சலா இருக்கும்."

பத்து வயதுப் பிள்ளை. எனக்கு மரியாதை போய்விடக் கூடாது என்று நான் பயந்து கணக்கு வைத்தேன். என் கோபத்துக்குப் பயந்து அவள் அப்பாவிடமே கணக்கை மறைத்திருக்கிறாள். வகுப்பில் நான் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனாலும் பயந்திருக்கிறாள். நான் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தூக்குவாளியோடு இதையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அந்த நோட்டில் இரண்டு கோட்டுக்குக் கீழே "கொடுத்தாயிற்று" என்று எழுதப் போனேன். பேனா ஓடவில்லை. 386.50 கொடுத்தாயிற்று. அவள் எழுந்து போன பாடங்களை எந்த ரூபாய்க் கணக்கில் எழுதுவது?

அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை.

என் பிள்ளைகளே, உங்களில் எத்தனையோ பேர் இன்று தாலுகா ஆபீசிலும் ஸ்டேஷனிலும் பள்ளிக்கூடத்திலும் பாங்கிலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலர் பொறுப்பிலும் இருப்பீர்கள். மேலே இருந்து யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள், அது நம் ஊர் வழக்கம், விட வேண்டாம். ஆனால் அன்றைக்கே காசு கொடுத்துவிடுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் தண்ணீர் கொடுங்கள், மோர் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள். மாறுதல் வந்தால் சாவியை ஒப்படைக்குமுன் டீக்கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள். நீங்களே பெரிய அதிகாரியாகப் போகிறவர்கள் என்றால், டம்ளரைக் கையில் வாங்கும்போது இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தயவுசெய்து எந்தப் பிள்ளையையும் வகுப்பிலிருந்து எழுப்பி டீ வாங்க அனுப்பாதீர்கள்.

என்னிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் மகன் ஏழாம் வகுப்பு. அம்மாவைப் போல இல்லை, பின்னம் என்றால் ஓடுகிறானாம். "சாயங்காலம் அனுப்பட்டா டீச்சர்?" என்றாள்.

மணி ஐந்தே கால். சைக்கிள் மணி கேட்கிறது, வந்துவிட்டான். மிச்சத்தை இன்னொரு நாள் பேசுவோம்.

உங்கள் டீச்சர்,
ஏரல்.